889 கி.மீ. ரோடு, 53 துண்டு

பிழைப்புக்கு கோட் எழுதறவன் நான். சட்டத்தைப் படிச்சாலும் கண்ணு முதல்ல இஃப் கண்டிஷன் எங்க இருக்குன்னுதான் தேடுது. தொழில் வியாதி :-) அப்படி மாட்டினதுதான் 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை.

புதுசா தேசிய நெடுஞ்சாலை போட்டா முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். இருக்கற ரோட்டை அகலப்படுத்தறதா இருந்தா, 30 கி.மீ.யைத் தாண்டினாத்தான் அந்தப் பேச்சே. 2013-ல இந்த 30-ஐ 100 ஆக்கிட்டாங்க. (கூடுதலா எவ்வளவு அகலத்துக்கு நிலம் எடுக்கறாங்கன்னும் ஒரு கணக்கு உண்டு.)

இப்படி ஒரு கோடு போட்டா என்ன ஆகும்னு எந்த புரோக்ராமரைக் கேட்டாலும் சொல்லுவார். 500 வரிக்கு மேல மாத்தினா ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணணும்னு ரூல் போட்டுப் பாருங்க. அடுத்த வாரமே எல்லாரும் 490 வரியா அனுப்ப ஆரம்பிச்சுடுவாங்க.

உத்தரகாண்ட்ல நடந்தது இதுதாங்க. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் பக்கம் போற மலை ரோடுகளை அகலப்படுத்தற சார் தாம் திட்டம். 2016 டிசம்பர்ல பிரதமர் அடிக்கல் நாட்டினார். 889 கி.மீ., சுமார் 12,000 கோடி ரூபாய். மேடையில ஒரே திட்டம். அனுமதின்னு வந்ததும் அது 53 தனித்தனி வேலையா மாறிடுச்சு. ஒவ்வொண்ணும் 100 கி.மீ.க்குக் கீழே, அதனால மதிப்பீடு தேவையில்லைன்னு அரசு தரப்பு வாதாடுச்சு.

"ஒரு ஃபைல் குறைஞ்சா நல்லதுதானே"ன்னு கேக்கலாம். போனது ஃபைல் மட்டும் இல்லீங்க. எதையெல்லாம் ஆய்வு செய்யணும்னு வரையறுக்கறது, அந்த ஊர் ஜனங்ககிட்ட கருத்து கேக்கறது, நிபுணர் குழு உக்காந்து அலசறது எல்லாமே அந்த அனுமதிக்குள்ளதான் இருக்கு. மலையை வெட்டின மண்ணை எங்க கொட்டறது, ஆத்துல சரிஞ்சா கீழ இருக்கற கிராமம் என்ன ஆகும்? இதெல்லாம் ஒரு துண்டை மட்டும் பார்த்தா சின்ன விஷயம். 53-ஐயும் வரிசையா வச்சுப் பார்த்தாத்தான் பயம் வரும்.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2019 ஆகஸ்ட்ல ரவி சோப்ரா தலைமையில ஒரு குழு அமைச்சாங்க. புதுசா வெட்டின 174 மலைச்சரிவுகள்ல 102 நிலச்சரிவு அபாயத்துல இருக்குன்னு அந்தக் குழு கணக்கு கொடுத்துச்சு. எப்போ? வேலை பாதிக்கு மேல ஆன பிறகு!

எதிர்த்தரப்புலயும் நியாயம் இருக்கு. அந்த ரோடுகள் சீன எல்லைக்குப் போறது. ராணுவ வண்டி ஏறணும். பிரசவ வலியில இருக்கற மலைக்கிராமத்துப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு இறங்கணும். 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் பாதுகாப்புத் தேவையை ஏத்துக்கிட்டு ரோட்டை அகலப்படுத்த அனுமதிச்சது. ஆனா ஒண்ணு. மழையில சரிஞ்சு மூடிக்கிட்ட ரோட்டுல டாங்கியும் போகாது, ஆம்புலன்ஸும் போகாது. ராணுவத்துக்கு முக்கியம்னா கூடுதலாத்தானே ஆய்வு பண்ணணும்?

2023 நவம்பர் 12, தீபாவளி அன்னிக்கு இதே திட்டத்தோட சில்க்யாரா சுரங்கப்பாதை இடிஞ்சு 41 தொழிலாளிங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. பதினேழாவது நாள்தான் வெளிய வந்தாங்க, நல்லவேளை 41 பேரும் உயிரோட. மதிப்பீடு செஞ்சிருந்தா இது நடந்தே இருக்காதுன்னு நான் சொல்ல வரல. அந்த மலைக்குள்ள என்ன இருக்குன்னு கேள்வி கேக்கற ஒரு முக்கியமான வாய்ப்பைக் கைநழுவ விட்டுட்டாங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம சேலம் எட்டுவழிச்சாலையை நினைச்சுப் பாருங்க. 277 கி.மீ., புது ரோடு. அதனால துண்டு போட்டுத் தப்பிக்க வழியில்ல. நிலம் எடுக்கற அறிவிப்புக்கு முன்னாடியே அனுமதி வேணும்ங்கற அவசியம் இல்லைன்னு 2020 டிசம்பர்ல சொன்ன சுப்ரீம் கோர்ட்டும், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாங்கியே ஆகணும்னு சொல்லுச்சு. சேலத்து விவசாயிக்கு இருக்கற அந்த ஒரு பிடிமானம் உத்தரகாசிக்காரனுக்கு இல்லாம போனதுக்குக் காரணம் ஒரு வகுத்தல் கணக்குதான்.

இதுக்குத் தீர்வு ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. ஒரே பேர்ல அறிவிச்சு, ஒரே நிதியில ஒதுக்கி, ஒண்ணோட ஒண்ணு சேர்ற ரோடா இருந்தா அது ஒரே ரோடுதான். முதல்ல மொத்தத்தைக் கூட்டுங்க, அப்புறமா இஃப் போடுங்க. ரெண்டு வரி மாத்தினா போதும், இந்த ஓட்டை அடைஞ்சுடும்.

டெண்டரை 53 துண்டா விடுங்க சாமி, யாரும் வேணாங்கல. மலை ஒண்ணுதானே?