தண்ணீருக்கும் வெடிக்கத் தெரியும்

கலகெதரவில் ஐப்பசி மழை ஓட்டுக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே அப்போது காலைப் பொழுது. நலம் விசாரித்து முடிந்ததும், "மாமா, இந்த முறை நான் பிழை விடக் கூடாது. நான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகிறேன். நீங்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வாருங்கள்" என்றான்.

அவன் என் தமக்கையாரின் ஒரே மகன். கல்கரி நகருக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அவன் பொறுப்பில் இருப்பது குதிரைகளை ஏற்றிச் செல்லும் ஒரு நீண்ட இழுவண்டி. நம் நாட்டில் குதிரை என்றதும் சித்திரை மாதத்து நுவரெலியாப் பந்தயமும் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளுமே நினைவுக்கு வரும். ஆதலால் அந்த வண்டி எப்படிப்பட்டது என்பதை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வட அமெரிக்காவில் போட்டிக்கும் கண்காட்சிக்கும் குதிரைகளை நூற்றுக்கணக்கான மைல் கொண்டு செல்வோர் ஏராளம். வண்டியைப் பெரிய மோட்டார் வாகனத்தின் பின்னால் கொளுவி இழுப்பார்கள். அதன் பின்பாகம் லாயம்; முன்பாகம் மனிதர் வசிக்கும் அறை. அங்கே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளிக்குமிடமும் மலகூடமும் உண்டு. தரைமட்டத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து நீரைத் தள்ளுவதற்கு ஒரு சிறு மின்பம்பி, வெந்நீர்க் கொதிகலம், சுவர்ப் பலகைகளுக்குள்ளே மறைந்தோடும் குழாய்கள் என எல்லாம் அமைந்திருக்கும். வண்டியின் பின்புறத்தில், வெளியே, சேறு படிந்த குதிரையைக் கழுவுவதற்கென்று தனியாக ஒரு குழாயும் உண்டு. இந்தக் கடைசிக் குழாயை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு, பனிக்காலத்திற்கு முன் வண்டியை ஆயத்தம் செய்து நிறுத்துமாறு பண்ணை உரிமையாளர் சொன்னார். எங்கள் பிள்ளை தாங்கியின் அடைப்பைத் திறந்து நீர் முழுவதையும் வெளியேற்றினான். குசினிக் குழாயைத் திறந்து பார்த்தான். சிறிது ஒழுகி நின்றுவிட்டது. வேலை முடிந்தது என்று கதவைப் பூட்டினான். கலகெதரவில் வளர்ந்த எவனும் அப்படித்தான் செய்திருப்பான். நம் வீடுகளில் தாங்கி கூரைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் தன் பாரத்தால் தானே கீழிறங்குகிறது. தாங்கி வெறுமையானால் குழாயும் வெறுமை. மாசி, பங்குனியில் நாம் காணாத காட்சியா அது!

அந்த வண்டியிலோ தாங்கி கீழே, குழாய்கள் மேலே. பம்பி தள்ளிய நீர் திரும்பி வராதபடி, பம்பிக்குள் ஒருவழி வால்வு ஒன்று தடுத்து நிற்கிறது. தாங்கியில் ஒரு சொட்டும் இல்லாதபோதும் சுவருக்குள் நீர் நிறைந்தே இருக்கும். சித்திரையில் தாங்கியை நிரப்பிப் பம்பியை முடுக்கியபோது சுவருக்குள் மழை பெய்தது. குதிரை கழுவும் குழாயின் வால்வு பிளந்திருந்தது. அதற்குச் செல்லும் குழாயின் முழங்கையும் பிளந்திருந்தது. பலகைத் தரை ஊறிப் புடைத்தது. உரிமையாளர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். அதுதான் அவனை அதிகம் சுட்டது. செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டான். ஆவணியில் தாயைப் பார்க்க வருவதற்கென்று சேர்த்து வைத்திருந்த விமானக் கூலி அதோடு போயிற்று. அவனுக்கென்று அக்கா போட்டு வைத்த தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி அலமாரியிலேயே இருந்துவிட்டது.

ஒரு முழங் குழாயில் தங்கிய நீருக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் ஆகையால், மாணவ நேயர்களை எண்ணி இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பொருள்கள் சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று படிக்கிறோம். தண்ணீரும் 4 பாகை செல்சியஸ் வரை அந்தச் சட்டத்திற்குப் பணிந்து சுருங்குகிறது. அதற்குக் கீழே போனதும் எதிர்த்திசையில் திரும்பி மெல்ல விரியத் தொடங்குகிறது. 0 பாகையில் உறையும்போது கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடிவிடுகிறது. 100 லீற்றர் தண்ணீர் 109 லீற்றர் பனிக்கட்டியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கோயில் வீதியில் நெருக்கியடித்து நிற்கும் பெண்கள் கும்மியடிக்க வட்டமாக வந்து நின்றால் எவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது! திரவ நிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கிப் புரள்கின்றன. உறையும்போது ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நான்கு மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்பால் ஒழுங்காகக் கைகோக்கிறது. நடுவே வெற்றிடம் விழுகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனாலேயே. குளிர்நாட்டு ஏரிகள் மேற்புறத்திலிருந்து உறைவதும், அடியில் மீன்கள் உயிர் தப்புவதும் இதே குணத்தின் பயன். மீனுக்கு உபகாரமாக இருப்பது குழாய்க்கு அபகாரமாகிறது.

அதே கனடாவில், கியூபெக் நகரில், 1784, 1785ஆம் ஆண்டுகளின் பனிக்காலங்களில், வில்லியம்ஸ் என்னும் பீரங்கிப் படை மேஜர் இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார். இரும்பாலான வெற்று வெடிகுண்டுக் கோளங்களில் நீரை நிரப்பி, வாயை இரும்பு முளையால் இறுக அடைத்து, இரவில் வெளியே வைத்தார். நீர் உறைந்தபோது ஒரு முளை நானூறு அடிக்கும் அப்பால் தூக்கியெறியப்பட்டது. முளை அசையாத இடத்தில் கோளமே பிளந்தது. வெடிமருந்துக்கென்று வார்த்த இரும்பின் கதி இதுவானால், விரல் பருமனுள்ள பிளாஸ்ரிக் முழங்கை எம்மாத்திரம்?

இன்னொரு நுட்பமும் உண்டு. பனிக்கட்டி உண்டான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாயின் நடுவே ஓரிடத்தில் பனி அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையில் அகப்பட்ட நீரை நெருக்குகிறது. போக வழியற்ற அந்த நீரின் அமுக்கமே மிக நலிந்த மூட்டைப் பிளக்கிறது. குழாய்வாய் திறந்திருந்தால் நீர் வெளியே ஓடித் தப்பியிருக்கும். என் மருமகன் குதிரை கழுவும் குழாயை மூடியபடியே விட்டிருந்தான். நாலு மாதம் அது சிறைப்பட்டுக் கிடந்தது.

வீட்டில் பரீட்சிக்க விரும்பும் மாணவர்கள் ஒரு பிளாஸ்ரிக் போத்தலை விளிம்பு வரை நிரப்பி, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை ஒருமுறை தற்செயலாக நடந்தது. சில்லுகளைப் பொறுக்கியவர் அக்கா, திட்டு வாங்கியவன் நான்.

இனி, அன்றிரவு நடந்ததற்கு வருகிறேன். வண்டியின் கைநூலையும் அவன் அனுப்பிய படங்களையும் வைத்து நீர் வெளியேறும் வாய்களை எண்ணியிருந்தோம். குசினி, கைகழுவும் தொட்டி, குளிக்குமிடம் மூன்றிலும் சுடுநீருக்கொன்று, குளிர்நீருக்கொன்றாக ஆறு, மலகூடத்தில் ஒன்று, லாயத்தின் உட்புறம் ஒன்று, வெளியே அந்தக் கழுவு குழாய் ஒன்று. ஆக ஒன்பது.

முதலில் கொதிகலம். அதன் நெருப்பையும் மின்சாரத்தையும் முதல் நாளே நிறுத்தி ஆறவிட்டிருந்தான். சூடும் அமுக்கமும் இருக்கும்போது அடி முளையைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் பாயும். மேலேயுள்ள வால்வைத் திறந்து அமுக்கம் போனபின், ஒதுங்கி நின்று முளையைக் கழற்றினான். 22 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர் சரளைக் கல்லின் மேல் கொட்டும் ஓசை கலகெதர வரை கேட்டது. பிறகு தாங்கி. பிறகு, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனியே உள்ள வடிகால்கள். அவற்றைத் திறந்தும் சொட்டுச் சொட்டாகவே வடிந்தது. "மேலே குழாய்வாய்களைத் திறந்தாயா?" என்றேன். திறக்கவில்லை. குளிர்பானம் உறிஞ்சும் குழலின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் பானம் கீழே இறங்காதல்லவா? காற்று உள்ளே புக வழியில்லாதவரை நீர் வெளியே வராது. ஒன்பதையும் திறந்ததும் வடிகால்கள் கொட்டத் தொடங்கின. கழிவுத் தாங்கிகளை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் முன்பே கொட்டிவிட்டு வந்திருந்தான்.

அதன்பின் காற்றமுக்கி. வடிகால்களை மூடி, குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு வாயாகத் திறந்து எஞ்சிய நீரை ஊதித் தள்ள வேண்டும். அவசரக்காரர்கள் காற்றின் அமுக்கத்தைக் கூட்டிவிடுவார்கள். சதுர அங்குலத்திற்கு 40 இறாத்தலுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பனியிலிருந்து காப்பாற்றப் போய்க் காற்றால் மூட்டைப் பெயர்ப்பது என்ன புத்திசாலித்தனம்?

ஊதிய பின்னும் பம்பிக்குள்ளும் வளைவுகளிலும் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காகவே உறைதடுப்புத் திரவம். இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மோட்டார் வாகனங்களின் இயந்திரத்தில் ஊற்றும் குளிர்விப்புத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு. இனிப்புச் சுவையுள்ளது, நக்கிய நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டு மடியும், மனிதருக்கும் அது எமன். குடிநீர்க் குழாயில் ஊற்றத் தக்கது ரோசா நிறத்தில் விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோல் கலவை. புரொப்பிலீன் கிளைக்கோல் உணவுத் தயாரிப்பிலும் அனுமதிக்கப்பட்ட பொருள். போத்தலின் மேல் கழித்தல் 50 பரனைற்று, அதாவது ஏறத்தாழக் கழித்தல் 46 செல்சியஸ் என்று எழுதியிருந்ததாம். அது குழாய் பிளக்காது என்பதற்கான எண். உறையவே உறையாது என்பதற்கானது அன்று. அதற்கு வெகு முன்பே திரவம் கூழ்போலக் குழைந்துவிடும். ஆயினும் கட்டியாகி நெருக்காது. கல்கரிப் பக்கத்துக் குளிர் சில இரவுகளில் கழித்தல் 30 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு என்றால், இந்தக் கணக்கு வீண் கணக்கல்ல.

திரவத்தைப் பம்பி உறிஞ்சுமுன், கொதிகலத்தை விலக்கிச் செல்லும் மாற்றுவழியைத் திறக்க வேண்டும். இல்லையேல் 22 லீற்றர் கலமும் நிரம்பிய பிறகே குழாய்வாய்க்கு நிறம் வரும், காசு கரியாகும். பிறகு ஒவ்வொரு வாயையும் ரோசா நிறம் தோன்றும்வரை திறந்து மூட வேண்டும். தொட்டிகளின் அடியில், துர்நாற்றத்தைத் தடுக்க எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்களிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்ற வேண்டும். அந்த வளைவை மறப்பவர்களே அதிகம்.

எங்கள் நுவரெலியாவும் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறதே, தை மாசி அதிகாலையில் புல்லெல்லாம் வெண்மையாகிறதே, அங்கே குழாய்கள் ஏன் வெடிப்பதில்லை என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே உறைபனி புல்லின் மேல் படிந்து சில மணி நேரத்தில் கதிரவனைக் கண்டு ஓடிவிடுகிறது. குழாய்க்குள்ளிருக்கும் நீரின் வெப்பம் முழுவதையும் கவர்ந்துகொள்ள அதற்கு அவகாசமில்லை. தேயிலைக் கொழுந்தோ மெல்லியது. அது மட்டும் கருகுகிறது. அல்பேர்ட்டாவில் குளிர் வாரக்கணக்கில் நின்று பிடிக்கிறது.

"குசினி இரண்டும் வந்துவிட்டது மாமா... கைகழுவும் தொட்டி வந்துவிட்டது..." என்று அவன் சொல்லச் சொல்ல நான் தாளில் கோடிட்டேன். ஏழு, எட்டு. பிறகு சிறிது நேரம் அவன் குரலே கேட்கவில்லை. காலணி சரளையில் நடக்கும் ஓசை மாத்திரம் வந்தது. "ஒன்பது. வெளிக்குழாய். ரோசா நிறம்" என்றான். அதை மூடிவிடாமல் பாதி திறந்தபடியே விட்டுவிடச் சொன்னேன்.

அதுவரை பக்கத்தில் அமர்ந்து வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்த அக்கா தொலைபேசியை வாங்கினார். கிணற்றில் நீர் இறங்கும் மாதங்களில் வாளி வாளியாகச் சேமித்தே பழகியவர் அவர்.

"தண்ணீரையெல்லாம் வெளியே ஊற்றிவிட்டாயே, நீ எதைக் குடிப்பாய்?"

"அம்மா, இது வண்டி. நான் இருக்கும் வீட்டில் குழாய் இருக்கிறது."

"அந்தக் குதிரைகள்?"

அதற்கு அவன் ஆர்வமாகவே விடை சொன்னான். வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். பனியை மட்டும் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அதை விட்டுவிடுவது நல்லதல்ல. உலர்ந்த புல்லைத் தின்றுவிட்டு நீர் குறைவாகக் குடித்தால் குடல் அடைத்து நோவு காணும். ஆகவே தொட்டிகளுக்குள் மின்சூடாக்கி வைத்து நீர் உறையாமல் காக்கிறார்கள். வரட்சிக் காலத்தில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீரின்றி மடிந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து வருந்தியவர் அக்கா. "அவைகளுக்காவது நேரத்துக்குத் தண்ணீர் கிடைக்கிறதே" என்றார்.

பிறகு அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார். வரும் சித்திரையில் வண்டியின் குழாய்களை நல்ல தண்ணீரால் நிறம் போகக் கழுவி, பம்பியை முடுக்கி, எங்கும் ஒழுகவில்லை என்று கண்ணால் கண்ட மறுநாளே பயணச்சீட்டு எடுப்பதாக அவன் சொன்னான். தொலைபேசியை வைத்ததும் அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. காலையில் முற்றத்தில் பார்த்தேன். ஊறுகாய்ச் சாடி, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, வெயிலில் இருந்தது.