தனுஷ்கோடிப் பழைய பள்ளிக் கட்டடத்தைப் புயல் நினைவுக்கூடமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தினர்,
மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர், ராமநாதபுரம்.
கோட்ட ரயில்வே மேலாளர், மதுரை.
ஆணையர், தொல்லியல் துறை, சென்னை.

பொருள்: தனுஷ்கோடிப் பள்ளிக் கட்டடம் – பாதுகாப்பும் மறுபயன்பாடும் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

ராமேஸ்வரம் தீவின் கோடியில் கூரையிழந்து நிற்கும் தனுஷ்கோடிப் பள்ளிக்கூடத்துக்காக இம்மனுவை அளிக்கிறோம். தீவின் ரயில் பாதை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், இந்த ஊரின் கதையில் மதுரைக்கும் பங்குண்டு.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் போட் மெயில் ரயிலில் வந்த பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி என எல்லாம் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே பயணிகளோடு கடலில் போயிற்று. புயலில் சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கோ தண்டவாளம் திரும்பவேயில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என அரசு அறிவித்தது.

2017இல் தீவின் முனையான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. வருவோரில் பலர் அங்குள்ள இடிந்த தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மற்றவர்கள் பள்ளிச் சுவர்களில் ஏறிப் படமெடுப்பதும் பெயர் கீறுவதும் தொடர்கின்றன.

இங்குள்ள பழைய கட்டடங்களில் பவளக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கின்றன. கடற்பவளங்கள் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், விழுந்த கல்லுக்கு மாற்றாகக் கடலிலிருந்து ஒரு கல்லையும் எடுக்க முடியாது. ஆகவே மணலில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் இப்போதே பொறுக்கி, எண்ணிட்டு, அங்கேயே வைத்துக் காக்க வேண்டும். பூச்சுக்குச் சுண்ணாம்புச் சாந்தே வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுக் கல் பொடிந்துவிடும். அவசரத்தில் செய்யும் 'மராமத்து' புயலை விடக் கேடு செய்யும் என்று அஞ்சுகிறோம்.

கட்டடம் யார் பொறுப்பில் உள்ளது என்பதை வருவாய்த் துறையும் ரயில்வேயும் வனத்துறையும் கூட்டாக அளந்து முடிவு செய்ய வேண்டும். அதன்பின் சுவர்களை நிலைப்படுத்தி, புதுக் கூரையோ புதுக் கட்டடமோ எழுப்பாமல், வகுப்பறைகளைத் திறந்தவெளி நினைவுக்கூடமாக்கக் கோருகிறோம். பழைய ரயில் கால அட்டவணை, துறைமுக வரைபடம், நிலையப் படங்கள் ஆகியவற்றின் நகல்களை ரயில்வே வழங்க வேண்டும். புயலில் தப்பிப் பிழைத்தோர் இன்று முதியவர்கள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யும் வேலையைத் தள்ளிப்போட இயலாது. அதற்கு எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி வரத் தயார்.

பழைய கட்டடம் புது வாழ்வு பெறுவது மதுரைக்குத் தெரிந்ததே. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை 1959இல் காந்தி அருங்காட்சியகமாயிற்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: நினைவுக்கூடத்தின் பெயரால் அங்குள்ள மீனவர் குடிசைகளையும் சங்குக் கடைகளையும் அகற்றக் கூடாது. காவலர், வழிகாட்டி வேலைகளை அந்தக் குடும்பங்களுக்கே முதலில் தர வேண்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூட்டு ஆய்வு நடத்தி, அதன் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மதுரை.