பூஜைக்கு முன்கூட்டி நேரம் குறிக்காதீர்கள்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் வந்தால் மலைமேல் கல்யாணக் கூட்டம், கீழே தெருவில் மாலை போட்ட வண்டிகள். தேவநாதப் பெருமாளுக்கு ஓர் அர்ச்சனை, ஔஷதகிரி ஏறி ஹயக்ரீவருக்கு ஒரு கும்பிடு, பிறகு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று இந்தப் பக்கத்தில் வண்டி எடுக்கிற பல வீடுகளுக்கு முதல் ஓட்டம் இங்கேதான். இப்போது அந்த வரிசையில் டி.எல்., எச்.ஆர். நம்பர் பிளேட்டுகளும் நிற்கின்றன. டெல்லிப் பக்கம் போய் வாங்கி, ஓட்டியே கொண்டுவந்த பழைய கார்கள். பக்கத்தில் நிற்கும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் விலையைச் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள். "எங்கயும் தங்கல சார், ஒரே ஓட்டமா வந்துட்டோம்." கண்கள் சிவந்து கிடக்கும்.

அந்த ஒரே ஓட்டம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டெல்லிக்கு ஏன் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. தலைநகர வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம் என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. எட்டு, ஒன்பது வருடம் ஆன நல்ல டீசல் காருக்கு அங்கே மதிப்பு விழுந்தது. நம் ஊரில் அதற்கு இன்னும் பல வருட ஆயுள் இருக்கிறது. பிறகு அந்த விதியில் தளர்வும் திருத்தமும் வந்தாலும், வண்டிகள் தெற்கே வருவது நிற்கவில்லை. கார் என்பதே எட்டாமல் இருந்த வீட்டு வாசலில் இப்படியாவது ஒன்று நிற்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வருகிற விதத்தைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி. அதுவரை என்.எச். 44. அங்கிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக வீடு. சுமார் 2,400 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 60 போனாலும் ஸ்டியரிங் பிடிக்கிற நேரம் மட்டும் 40 மணி. இதற்கு முன்னால் ரயிலில் போன இரவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. போகும்போது சரியான தூக்கமில்லை. இறங்கியதும் கரோல் பாக்கில் நாள் முழுக்க அலைந்து வண்டி பார்த்து, பேரம் பேசி, பணம் கட்டி, ஆர்.சி.யும் என்.ஓ.சி.க்கான கையெழுத்துகளும் வாங்கிக்கொண்டு கிளம்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஊரை நோக்கி வண்டியைத் திருப்பும்போதே உடம்பு பாதி களைத்திருக்கிறது. "ரெண்டு பேர் இருக்கோம், மாத்தி மாத்தி ஓட்டுவோம்" என்பார்கள். வாங்கிய வண்டியில் முதல் ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும்? ஓட்டாதவரும் பக்கத்து சீட்டில் முழித்துக்கொண்டுதான் வருகிறார்.

வண்டிக்கும் இது கடினமான பரீட்சை. பல வருடம் டெல்லி நெரிசலில் ஆபீஸுக்குப் போய் வந்த காரை எடுத்த எடுப்பில் விந்தியமலை தாண்டி, நாக்பூர் வெயிலில் மணிக்கு நூறில் விடுகிறோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. இன்னொரு விஷயம் இன்ஷூரன்ஸ். வண்டி கைமாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு தானாக நம்மிடம் வந்துவிடும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் திரும்புகிற அந்த 2,400 கிலோமீட்டரில்தான் வண்டியின் சேதத்துக்கு நம் கையில் எந்தப் பாதுகாப்பும் இருப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1997-ல் டாசன், ரீட் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன; 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதம். நம் சட்டத்தில் வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அதைத் தாண்டினால் போலீஸ் வழக்குப் போடும். தன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத பையன் நாக்பூர் தாண்டும்போது அந்த வரம்பைத் தாண்டியவன் நிலையில்தான் ஓட்டுகிறான். அவனைப் பிடிக்க எந்தக் கருவியும் இல்லை. மணிக்கு 90-ல் போகிற வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடும். நான்கு நொடி கண் அசந்தால் 100 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி அது. கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்குமேல் உதவாது. ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடினால் கொஞ்சம் தெளியும். அதுவும் கொஞ்ச தூரத்துக்குத்தான். விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தூங்கியே தீரும். நம் மாவட்டத்தில் வேப்பூர், தொழுதூர் பக்கத்து விபத்துச் செய்திகளில் அந்த நேரம் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் போலீஸார் ராத்திரி வண்டிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புவது அதற்காகத்தான். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் போனார்கள்.

வண்டி எடுத்து வருவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஜாம்ஷெட்பூரில் டாடா 1954-ல் லாரி செய்யத் தொடங்கியது. அங்கிருந்தும், நம் எண்ணூர், ஓசூர் அசோக் லேலண்டிலிருந்தும் வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு பாடி கட்டும் ஊர்களுக்கு வருகிற கான்வாய் டிரைவர்கள். நாமக்கல்லுக்கு லாரி சேஸ், கரூருக்கு பஸ் சேஸ். மேலே கூரை இல்லாமல், கதவு இல்லாமல், தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டும் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழையும் வெயிலும் எதிர்வண்டி கிளப்பும் மண்ணும் நேராக அவர்கள் மேல்தான். புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல்தான் அமலுக்கு வந்தது. அத்தனை வருடம் இவர்களுக்குக் கேபினே இல்லை. உளுந்தூர்பேட்டை டீக்கடை ஒன்றில் அப்படி வந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். ராத்திரி ஓட்டுவீர்களா என்று கேட்டதற்கு, "பத்து மணிக்கு மேல ஓட்டுறதில்லீங்க. அடுத்த ட்ரிப்புக்கும் நான் போகணும்ல" என்றார். அவருக்குக் கூலி ட்ரிப்புக் கணக்கு. சீக்கிரம் சேர்த்தால் அடுத்தது சீக்கிரம் கிடைக்கும். அப்படியிருந்தும் நிறுத்துகிறார். தொழிலாக ஓட்டுபவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் போனால் அரைமணி ஓய்வு என்று 1961-லேயே நம் நாட்டுச் சட்டம் வகுத்திருந்தது. ஐரோப்பாவில் லாரி டிரைவர் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி இறங்கி நிற்க வேண்டும். சொந்த வண்டி எடுத்து வருபவனுக்கு இப்படி எந்தச் சட்டமும் இல்லை. அவனைத் தடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

வீட்டில் நடப்பது என்ன? டெல்லியில் பணம் கைமாறியதுமே இங்கே ஜோசியரிடம் நாள் பார்த்தாகிவிடுகிறது. வியாழக்கிழமை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம் என்று பூமாலைக்குச் சொல்லி, மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டு, பிறகு மணிக்கொரு தரம் பையனுக்குப் போன். "எங்கடா வந்துகிட்டு இருக்க? அனந்தபூரா? அப்ப காலையில வந்துடுவ." இந்தக் கேள்விதான் அவனைத் தங்கவிடாமல் துரத்துகிறது. லீவு இல்லை, ராத்திரி லாட்ஜ் வாசலில் புது வண்டியை விட்டுவிட்டு எப்படித் தூங்குவது, ரூம் வாடகை வேறு என்று மற்ற காரணங்களும் சொல்வார்கள். காம்பவுண்டுக்குள் வண்டி நிறுத்த இடமுள்ள லாட்ஜுகள் சாகரிலும் நாக்பூரிலும் ஹைதராபாத்திலும் நிறைய உண்டு. ஒரு ராத்திரி வாடகை ஒரு டயர் விலைகூட வராது. லட்சக்கணக்கில் மிச்சம் பிடிக்கப் போனவர்கள் இந்தத் தொகையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி வீட்டு வாசலுக்கு வந்து, ஓட்டி வந்தவன் குளித்துச் சாப்பிட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு பூஜைக்கு நாள் பாருங்கள். தேவநாதன் சன்னதி தினமும்தான் திறக்கிறது. அதுவரை அவனுக்குப் போன் செய்தால் "எங்க வந்துட்ட" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு ராத்திரி எந்த ஊர்ல தங்குற" என்று மட்டும் கேளுங்கள்.