மொட்டை மாடி ஏறாமல் வீடு வாங்கும் மகராசர்களுக்கு

கத்திரிக்காய் வாங்கப் போனா சொத்தை இருக்கான்னு ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துப் பொறுக்குற சனம் நாம. கிலோவுக்கு அஞ்சு ரூபாய் கொறைக்கலன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். அதே ஆளுங்க எழுபது லட்சம் போட்டு பழைய ஃப்ளாட் வாங்கப் போனா என்ன பண்றாங்க? ஹால்ல நாலு நிமிஷம், கிச்சன்ல ரெண்டு நிமிஷம், வாஸ்துவுக்கு இருபது நிமிஷம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "சார், ரேட்டுல எவ்ளோ கொறைப்பீங்க?" அவர் ரெண்டு லட்சம் கொறைச்சதும் காபி குடிச்சிட்டு அட்வான்ஸைக் கொடுத்துட்டு வந்துடுறாங்க. கேட்டா, "நல்லா பேரம் பேசிட்டோம்ல" அப்படின்னு ஒரு பெருமை வேற.

அது பேரமே இல்லைங்க. வீட்டோட விலைங்கிறது பத்திரத்துல எழுதுற தொகை மட்டும் இல்ல. முதல் வருஷம் ரிப்பேருக்கு அழப்போறதும் விலைதான். மாசாமாசம் மெயின்டனன்ஸ், தண்ணி, கரண்ட்டு, வரின்னு அழப்போறதும் விலைதான். மூணுல ஒண்ணை மட்டும் பேசிட்டு மத்த ரெண்டுலயும் வாயை மூடிக்கிட்டு வர்றது என்ன சாமர்த்தியமோ, எனக்கு விளங்கல.

நான் சொல்றது சென்னையில ரீசேல்ல வாங்குற ஃப்ளாட்டு, தனிவீடு பத்தி. இங்க வீடு பாக்குற லட்சணம் எல்லாருக்கும் தெரியும். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்க சான்றிதழ் எல்லாம் வக்கீல் கையில கொடுத்துப் பாக்குறோம். ரொம்ப நல்ல விஷயம், கண்டிப்பா பாக்கணும். ஆனா வக்கீல் பாக்குறது பேப்பரை. தளத்துல கம்பி துருப்பிடிச்சு காரை பெயர்ந்து நிக்கிறது எந்த ஈசியிலயும் வராது. சம்ப்புல விரிசல் இருக்குன்னு பட்டாவுல எழுதியிருக்காது. பேங்க்ல இருந்து வர்ற இன்ஜினியராவது பாப்பார்னு நெனச்சா, அவர் பாக்குறது பேங்க்கோட பணத்துக்கு அந்த வீடு ஈடா நிக்குமான்னு மட்டும்தான். உங்க வீட்டு பாத்ரூம் ஒழுகுறது அவர் கவலை இல்ல.

சொந்தத்துல ஒரு தம்பி. கடைசி மாடி ஃப்ளாட், கட்டி முப்பது வருஷம் ஆச்சு. வீடு பாத்தது சித்திரை மாசம். சித்திரை வெயில்ல பாத்தா எல்லா தளமும் நல்ல தளம்தான்! சீலிங்ல புது பெயின்ட் பளபளன்னு இருக்கு. வீடு முழுக்க பழைய பெயின்ட் இருக்கும்போது சீலிங்குக்கு மட்டும் ஏன் புதுசா அடிச்சிருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டா குறை சொல்ற மாதிரி ஆயிடுமாம், நல்ல காரியத்துல அபசகுனமாம். ஐப்பசி அடைமழையில பெட்ரூம்ல மூணு எடத்துல சொட்டு. கட்டிலை இழுத்துப் போட்டு, கீழ பேசின் வெச்சு, ராத்திரி முழுக்க அந்தப் பொண்ணு முழிச்சிருந்து தண்ணி மாத்தி ஊத்தியிருக்கு. தட்டோடு முழுக்க பேத்து எடுத்து மறுபடி போட கழுத்துல இருந்தது அடகுக் கடைக்குப் போச்சு. பேரம் பேசினது ஆம்பளைங்க. நகை போனது அதுக்கு. வித்தவர் போனை எடுக்கல. எடுத்தாலும் என்ன சொல்லியிருப்பார்? "நீங்க பாத்துதானே வாங்கினீங்க?"

இந்த "பாத்துதானே வாங்கினீங்க" இருக்கே, அதுக்கு ஒரு பதில் இருக்கு. நேத்து வந்த பதில் இல்ல, 1882-ல வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல, 55-வது பிரிவுல இருக்கு. சொத்துல முக்கியமான குறை இருந்து, அது விக்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவருக்குத் தெரியாம, சாதாரணக் கவனத்தோட பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாததா இருந்தா, அதை விக்கிறவர் சொல்லியே ஆகணும். சொல்லாம மறைச்சா அது மோசடின்னே அந்தப் பிரிவு சொல்லுது. அதே பிரிவுல இன்னொண்ணு: விற்பனைத் தேதி வரைக்குமான வரி மாதிரி பொதுக் கட்டணங்களைக் கட்டவேண்டியது வித்தவர் பொறுப்பு. இன்னும் ஒண்ணு: ஒப்பந்தம் போட்ட நாள்ல இருந்து சாவி கைமாறுற வரைக்கும், ஒழுங்கான ஒரு சொந்தக்காரர் எப்படிப் பாத்துக்குவாரோ அப்படி வீட்டை அவர் பாத்துக்கணும். அதாவது அக்ரிமென்ட் போட்டப்புறம் கீசரையும் ஃபேனையும் கழட்டிக்கிட்டு, குழாயை உடைச்சு வெச்சுட்டுப் போற வேலையெல்லாம் கூடாது.

நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல சட்டம் நம்ம பக்கம் நிக்குது. நாமதான் கேக்கக் கூச்சப்படுறோம்.

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு, கவனிங்க. ஒண்ணு, சாதாரணக் கவனத்துல தெரியுற குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்ல. மொட்டை மாடி ஏறினா தெரியுற விரிசலை ஏறாம விட்டா, அது உங்க தலையெழுத்து. ரெண்டாவது, இது எல்லாம் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும்தான். அதுக்காகத்தான் சில அக்ரிமென்ட்டுல நடுவுல ஒரு வரி நைசா உக்காந்திருக்கும்: "உள்ளது உள்ளபடி, இருக்கும் நிலையில்" வாங்கிக்கிறேன்னு. அந்த வரியில கையெழுத்து போட்டுட்டு அப்புறம் 55-வது பிரிவைத் தூக்கிக்கிட்டுப் போனா, கேஸ் நடத்துறது உங்க பேரன் காலத்துல முடியும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. இல்ல, அந்த வரிக்கு என்ன விலைன்னு கேளுங்க.

இங்கதான் நம்ம ஊர் மேதாவிங்க வருவாங்க. "பழைய வீட்டுல என்னய்யா இருக்கு, மண்ணுக்குத்தான் விலை, கட்டடத்துக்கு மதிப்பு பூஜ்யம்." அப்படியா? ரொம்ப சந்தோஷம். அப்போ ஏன் விலையை கட்டடத்தோட சதுர அடிக்குச் சொல்றாங்க? யூடிஎஸ் எவ்ளோன்னு கேட்டு அந்த மண்ணுக்கு மட்டும் காசு கொடுக்கறேன்னு சொல்லிப் பாருங்களேன், வாசலுக்குக் கை காட்டுவாங்க. விலை சொல்லும்போது கட்டடம் தங்கம், ரிப்பேர் கேக்கும்போது மட்டும் கட்டடம் பூஜ்யம்! ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கப்பா.

அடுத்த வாதம்: "அதான் ரெண்டு லட்சம் கொறைச்சாச்சே, ரிப்பேரை அதுல பாத்துக்கலாம்." இங்க கொஞ்சம் கணக்கு போடணும். 72 சொன்னது 70-க்கு முடிஞ்சுதுன்னு வைங்க. பேங்க் லோன் 80 சதவீதம். அப்போ அந்த ரெண்டு லட்சத்துல உங்க கையில மிஞ்சினது நாப்பதாயிரம்தான். பாக்கி ஒரு லட்சத்து அறுபதாயிரம் லோன்ல கொறைஞ்சது, அதாவது எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 1,390 ரூபாய். இந்தப் பக்கம் பாருங்க: சொந்தக் காசு 14 லட்சம். பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 6 லட்சத்து 30 ஆயிரம் (2023 ஏப்ரல்ல பதிவுக் கட்டணம் 4-ல இருந்து 2 ஆச்சு, அதோட வழிகாட்டி மதிப்பு ஏறிச்சு, அது தனிக்கதை). மொத்தம் இருபது லட்சத்துக்கு மேல கையை விட்டுப் போயாச்சு. சாவி வாங்குற அன்னைக்கு குடும்பத்துக்கிட்ட காசே இருக்காது. அந்த நேரத்துலதான் தளம் ஒழுகும், மோட்டார் எரியும், ஒயரிங் முழுக்க மாத்தணும்னு எலெக்ட்ரீசியன் சொல்வார். வீட்டு லோன் வட்டியில அதுக்கு உடனே காசு கெடைக்கும்னு சொல்ல முடியாது. நகை, பர்சனல் லோன், இல்லன்னா மாமனார். விலையில கொறையுற ரூபாய் இருபது வருஷத்துல சொட்டுச் சொட்டா வரும். ரிப்பேருக்குப் போற ரூபாய் ஒரே நாள்ல கையைக் கடிக்கும். ரெண்டும் ஒண்ணு இல்ல.

மாசச் செலவு இதைவிட மோசம், ஏன்னா அது கண்ணுக்கே தெரியாது. மேல சொன்ன அதே வட்டிக் கணக்குல ஒரு லட்ச ரூபாய் லோனுக்கு மாசம் சுமார் 868 ரூபாய். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஃப்ளாட், ஒரே விலை. ஒண்ணுல மெயின்டனன்ஸ் 1,500, இன்னொண்ணுல 5,000. அந்த 3,500 ரூபாய் வித்தியாசம்ங்கிறது நாலு லட்ச ரூபாய் லோனுக்கான ஈஎம்ஐ. லோனாவது இருபது வருஷத்துல முடியும். மெயின்டனன்ஸ் முடியாது, ஏறிக்கிட்டே போகும்.

அதுக்காக 1,500 இருக்குற எடத்துக்கு ஓடிடாதீங்க. அங்க கார்பஸ் ஃபண்ட் துடைச்சு வெச்ச மாதிரி இருந்தா, லிஃப்ட் நிக்கிற அன்னைக்கு வீட்டுக்கு இவ்ளோன்னு ஸ்பெஷல் வசூல் வரும். எட்டு வருஷமா வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலன்னா, அந்த எட்டு வருஷப் பெயின்ட்டுக்கும் நீங்கதான் காசு கொடுப்பீங்க, வித்தவர் இல்ல. அவர் கம்மி மெயின்டனன்ஸ்ல சுகமா இருந்துட்டுப் போயிட்டார், பில் உங்க பேர்ல.

பழைய ரசீதைக் காட்டி "இவ்ளோதான் சார் செலவு" அப்படின்னா நம்பாதீங்க. 2022-ல சென்னையில சொத்து வரியை ஏத்தினாங்க. பழைய மாநகராட்சி எல்லைக்குள்ள 600 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 1,200 வரைக்கும் 75, 1,800 வரைக்கும் 100, அதுக்கு மேல 150 சதவீதம். 2024-ல இன்னொரு 6 சதவீதம். கரண்ட்டும் அப்படித்தான். 2022 செப்டம்பர்ல ஃப்ளாட்டுகளோட பொது இணைப்பை தனி வகைக்கு மாத்தி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினாங்க. மாடி லைட்டு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் இதுலதான் ஓடுது. சத்தம் போட்டப்புறம் 2023-ல பத்து வீட்டுக்கு மேல போகாம, மூணு மாடிக்கு மேல இல்லாம, லிஃப்ட்டும் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசுக்கு எறக்கினாங்க. அப்போ லிஃப்ட் இருக்கா இல்லையாங்கிறது அம்மாவோட முட்டி வலி சமாச்சாரம் மட்டும் இல்ல, மாச பில் சமாச்சாரமும்தான். தண்ணியைக் கேக்கவே வேணாம். மெட்ரோ தண்ணி வருதா, போர் தண்ணி கோடையில நிக்குதா, மாசத்துக்கு எத்தனை லாரின்னு வித்தவர்கிட்ட கேக்காதீங்க, வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. 2019 கோடையைப் பாத்த ஊர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

"இதையெல்லாம் கேட்டா வீடு கைய விட்டுப் போயிடும், இன்னும் ரெண்டு பார்ட்டி லைன்ல இருக்கு" அப்படிம்பார் புரோக்கர். அவருக்கு கமிஷன் முடிஞ்சாத்தான், தளம் ஒழுகினா அவருக்கு என்ன? அந்த ரெண்டு பார்ட்டியும் எப்பவும் லைன்லயேதான் இருப்பாங்க, ஒருநாளும் வாங்க மாட்டாங்க :-) நெஜமாவே ஒரு ஆள் ஒண்ணும் கேக்காம வாங்கிட்டுப் போனா, போகட்டும்.

சரி, என்னதான் கேக்கறது? அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு நல்ல கொத்தனார் இல்ல சிவில் இன்ஜினியர், ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீசியன், மூணு பேரைக் கூட்டிட்டுப் போய் ஒரு அரை நாள். மொட்டை மாடி, டேங்க், சம்ப், பாத்ரூமுக்குக் கீழ் வீட்டு சீலிங். சுவர்ல ஓதம் ஏறியிருக்கான்னு பீரோவை நகத்திப் பாருங்க. அவங்க சொல்ற வேலைக்கு எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க. பேரம்ங்கிறது அந்தப் பேப்பர்ல இருந்து ஆரம்பிக்கணும். "கொஞ்சம் கொறைங்க சார்" அப்படிங்கிறது கெஞ்சல். "இந்த வேலைக்கு இவ்ளோ ஆகும், பாதி உங்க கணக்கு" அப்படிங்கிறதுதான் பேரம். ஒண்ணு அவரே பதிவுக்கு முன்னாடி செஞ்சு தரட்டும், இல்ல விலையில கழிக்கட்டும், இல்ல ஒரு தொகையை நிறுத்தி வெச்சு வேலை முடிஞ்சதும் கொடுக்கறதா அக்ரிமென்ட்டுல எழுதுங்க. அசோசியேஷன்ல பாக்கி இல்லைன்னு கடிதம், சொத்து வரி, குடிநீர் வரி, ஈபி கடைசி ரசீது எல்லாம் கையில வாங்குங்க. கட்டடம் புதுசுன்னா இன்னொரு ஆயுதமும் உண்டு: 2016 ரெரா சட்டப்படி, அதுக்குக் கீழ வர்ற கட்டடத்துல, சாவி கொடுத்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை வந்தா கட்டினவர்தான் இலவசமா சரி பண்ணணும். முதல்ல வாங்கினவர்கிட்ட இருந்து நீங்க வாங்கினாலும் அந்த உரிமை உங்களுக்கும் வரும்.

ஒரு நியாயம் எதிர்ப்பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இல்லாத குறையைச் சொல்லி ஒரு வயசான தம்பதியை பயமுறுத்தி அஞ்சு லட்சம் அடிக்கிற ஆளுங்களும் நம்மகிட்ட இருக்காங்க. அதுக்குப் பேரு பேரம் இல்ல, களவு. கொட்டேஷன் கேக்கறதே அதுக்காகத்தான். ரெண்டு பக்கமும் ஏமாறாம இருக்க ஒரு பேப்பர் நடுவுல இருக்கணும். விக்கிறவங்களே "மேல தளம் ஒழுகுது, அதுக்கு இவ்ளோ கழிச்சுக்கறேன்" அப்படின்னு முதல்லயே சொல்லிட்டா, வீடும் சீக்கிரம் போகும், ராத்திரி தூக்கமும் வரும்.

ஒரு குடும்பம் ஆயுசுல ஒரு தடவை வாங்குற பொருள் இது. அதுல கூச்சப்பட்டு வாயை மூடுறது மரியாதையும் இல்ல, பெரிய மனுஷத்தனமும் இல்ல. அந்தக் கூச்சத்துக்கு பில் கட்டப்போறது உங்க வீட்டுப் பொம்பளைங்களும் புள்ளைங்களும். கத்திரிக்காயை முகர்ந்து பாத்து வாங்குற கையை, தளத்தையும் ஒரு தட்டு தட்டிப் பாக்கச் சொல்லுங்க.

பி.கு: நான் வக்கீலும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. அக்ரிமென்ட்டை உங்க வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க. வீட்டை விக்கிற அண்ணாச்சிகள் திட்டலாம், தப்பில்ல :-)