கிரயப் பணம் ஏழையுடையது, உத்தரவாதம் யாருடையது?

மில்லில் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற தொழிலாளி, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் கொட்டி இரண்டு சென்ட் மனை வாங்குகிறார். விவசாயத் தொழிலாளி சீட்டுப் பணத்தையும் மனைவியின் தோட்டையும் கொண்டு வாங்குகிறார். பத்திரம் ரிஜிஸ்டர் ஆனதும் மனை தமது என்று நம்புகிறார். சில வருஷம் கழித்துக் கோர்ட்டு நோட்டீஸ் வருகிறது: விற்றவனுக்கு அந்த மனையில் பாத்தியதையே இல்லையாம்!

பத்திரத்தைப் பதிந்த சர்க்கார் இதற்குப் பொறுப்பேற்குமா? ஏற்காது. வெள்ளைக்காரன் 1908-ல் போட்ட பதிவுச் சட்டமே இன்றும் நடக்கிறது. அதன்படி பதிவாவது பத்திரம்தான், பாத்தியதை அல்ல. இதைச் சுப்ரீம் கோர்ட்டும் 2025-ல் எடுத்துக் காட்டியது. ஆனால் வசூலில் குறைவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 12 லட்ச ரூபாய் கிரயத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம்! பணம் வாங்க ஒரு கை. பொறுப்பேற்க ஒரு கையும் இல்லை.

தேடிப் பார்க்கும் சுமை முழுதும் வாங்குகிறவர் தலையில். வில்லங்க சர்ட்டிபிகேட் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். கோர்ட்டில் கிடக்கும் வழக்கும், கையெழுத்துப் போடாத வாரிசும் அதில் தெரிவதில்லை. பட்டா வரி கட்டுகிறவரைக் காட்டும். அது மட்டும் பாத்தியதைக்கு ருசு ஆகாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று 1892-ல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும், கோயில் நிலமும், புறம்போக்கும் பிளாட்டுகளாகி விலை போவது இந்த ஓட்டைகள் வழியாகத்தான்.

இதற்கு மருந்தாக “பாத்தியதை இன்ஷ்யூரன்ஸ்” என்று ஒன்றைச் சொல்கிறார்கள். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 16-வது பிரிவு, மாநில சர்க்கார் அறிவித்தால் பிளாட் போடுகிறவர் நிலத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரீமியமும் மனை விலையில்தான் ஏறும். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும் பழைய மனைக்கோ அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இந்த வியாபாரம் 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தது. கம்பெனி முதலில் பழைய பத்திரங்களைத் தேடும். குறை கண்டால் அதை ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் பாலிசி தரும். அதனால் பிரீமியத்தில் நஷ்ட ஈடாகத் திரும்புவது சொற்பம். பெரும்பகுதி ஏஜெண்டுகளுக்கும் கம்பெனிக்கும் போகிறது. அதே அமெரிக்காவில் அயோவா மாகாணம் 1947-ல் இந்த வியாபாரத்தைத் தடை செய்தது. பின்னர் 1985-ல் மாகாண சர்க்காரே உத்தரவாதம் தர முன்வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858 முதலே சர்க்கார் பதிவேடுதான் பாத்தியதைக்கு ஆதாரம். முதலாளித்துவ நாடுகளிலேயே நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்கக் கூடாது?

நாம் கோருவது இதுதான்: பதிவு செய்யுமுன் பதிவு, ரெவின்யூ, சர்வே, அறநிலையத் துறை, கோர்ட்டு ரிக்கார்டுகளைச் சர்க்காரே ஒத்துப் பார்க்க வேண்டும். பதிந்த பின் பாத்தியதை போனால், வசூலித்த தீர்வையிலிருந்து நிதி ஒதுக்கி நஷ்ட ஈடு தர வேண்டும். பஞ்சமி நிலம் உரியவர்களுக்கே திரும்ப வேண்டும்.

அதுவரை தோழர்கள் ஏமாறக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்குமுன் குறைந்தது 30 வருஷ வில்லங்கம் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மூலப் பத்திரத்தின் அசலைக் கேளுங்கள். “தொலைந்துவிட்டது” என்றால் அது எங்காவது அடகில் இருக்கலாம். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடச் சொல்லுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீலை விட்டு, சங்கத்துக்குத் தெரிந்த வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

தனி ஆளாய்த் தேடினால் ஒரு மனைதான் தப்பும். சங்கமாய்ப் போராடினால் சட்டமே மாறும். ஒவ்வொரு மில் வாசலிலும், ஒவ்வொரு சேரியிலும் இந்தக் கோரிக்கை முழங்கட்டும்!