ஒளித்து வைத்த சர்க்கரை டப்பா



படிப்பது பி.காம்., எழுதப் போவது மருத்துவம். "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. யாருக்கு எத்தனை யூனிட் இன்சுலின், எந்த மாத்திரை என்பதெல்லாம் டாக்டர் பாடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சர்க்கரை நோய் வந்தவர் வீட்டில் முதலில் இடம் மாறுவது எது தெரியுமா? சர்க்கரை டப்பா! அடுப்பு மேடையில் இருந்தது பரண் மேல் ஏறி விடும். சில வீடுகளில் அதற்குப் பூட்டு கூட உண்டு. "சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரை விஷம்" என்று டாக்டர் முதல் எதிர் வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்லிச் சொல்லி, சின்னக் குழந்தைக்குக் கூட இந்தப் பாடம் மனப்பாடம். பாடம் தப்பில்லை. ஆனால் பாதிப் பாடம். மீதிப் பாதியை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மீதிப் பாதி தெரியாததால்தான் உயிர் போகும் நிலை வருகிறது.

மீதிப் பாதி இதுதான்: சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கியும் போகலாம். அப்போது அவருக்கு மருந்தே சர்க்கரைதான்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையில் உள்ள டாக்டர் மோகன் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் எழுபது பெரியவர்கள் இருந்தால் அதில் பத்துப் பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இவர்கள் எல்லோருக்கும் லோ சுகர் வராது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வருவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிபென்கிளமைட், கிளைமிபிரைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். இந்த வகை மாத்திரைகள் நம் ஊரில் விலை மலிவு, அதனால் சாப்பிடுகிறவர்களும் ஏராளம்.

எப்போது இறங்கும்? மருந்தைப் போட்டு விட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் இறங்கும். வழக்கத்தை விட அதிகம் நடந்தால் இறங்கும். வெறும் வயிற்றில் குடித்தால் இறங்கும். நம் பக்கத்து வாழ்க்கையைப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயில் ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பௌர்ணமி என்றால் கிரிவலம். திருப்போரூர் முருகனுக்குக் கந்த சஷ்டி விரதம், ஆறு நாள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசில் ஆரம்பித்து ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று உச்சி வெயிலில் சுற்றுலா. காலையில் ஊசியைப் போட்டுக் கொண்டு, "சாமி பார்த்துட்டு சாப்பிடலாம்" என்று கிளம்புகிற பெரியவர்கள் எத்தனை பேர்! விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக் கொள்வதை எந்த முருகனும் கோபிக்க மாட்டார் :-)

இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. 54-க்குக் கீழே போனால் உண்மையான ஆபத்து. முதலில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பசி பிடுங்கும். மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். தனக்கென்று பெரிய சேமிப்பு எதுவும் மூளையிடம் கிடையாது. அதனால் அடுத்து மூளை தடுமாற ஆரம்பிக்கும். பேச்சு குழறும், கால் தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். அதற்கும் மேலே போனால் வலிப்பு, மயக்கம்.

வியர்வை, குழறல், தள்ளாட்டம், கோபம்... இதை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? டாஸ்மாக் வாசலில்! சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது.

போன வருடம் நான் செங்கல்பட்டில் ஏறிய ஒரு பஸ்ஸில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டையெல்லாம் நனைந்து, கம்பியைப் பிடிக்க முடியாமல் நின்று கொண்டிருந்தார். டிக்கெட் கேட்டால் ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துடறானுங்க" என்றது ஒரு குரல். அடுத்த நிறுத்தத்தில் இறக்கி விடலாம் என்று பேச்சு நடந்தது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை தெரிவதைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார். தலை ஆடியது. ஒருவர் கையில் குளிர்பான பாட்டில் இருந்தது. கொடுக்கப் போனபோது இன்னொருவர் தடுக்கிறார்: "சுகர் பேஷண்டுக்கு யாராவது இதைக் குடுப்பாங்களா? ஏதாவது ஆயிடப் போவுது!" அந்த அம்மா யாரையும் சட்டை செய்யவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிக் குடிக்க வைத்தார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அந்த மனிதர் தெளிவாகத் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

அந்த பஸ்ஸில் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தோம். "குடிகாரன்" என்ற தீர்ப்பும், "சர்க்கரை விஷம்" என்ற பாதிப் பாடமும் சேர்ந்து ஒரு மனிதரை நடுரோட்டில் இறக்கி விடப் பார்த்தன. அவர் நிஜமாகவே குடித்திருந்தாலும் கூட விட்டு விடக் கூடாது என்பது வேறு விஷயம். மது, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுக்கும். குடித்த சர்க்கரை நோயாளிக்கு லோ சுகர் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்!

சரி, என்ன கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது?

உலகம் முழுக்கச் சொல்லும் விதி 15-க்கு 15. நினைவோடு இருப்பவருக்கு, விழுங்க முடிகிறவருக்கு, 15 கிராம் சர்க்கரை. பிறகு 15 நிமிடம் பொறுமை. மறுபடி சோதனை. இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி 15 கிராம். 15 கிராம் என்றால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரை, அல்லது சுமார் 150 மில்லி சாதாரணக் குளிர்பானம். ‘டயட்’ என்று போட்டிருந்தால் அதில் சர்க்கரையே இல்லை, பிரயோஜனமும் இல்லை. சர்க்கரை ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லியோ, பிஸ்கெட்டோ சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கி விடும்.

எதைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். ஒருவருக்கு பாங்கில் பத்து லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப் பதினைந்து ரூபாய் சில்லறை இல்லை. பத்து லட்சத்தால் என்ன லாபம்? குளுக்கோஸும் சர்க்கரைத் தண்ணீரும் கையில் உள்ள ரொக்கம். சாக்லெட், பால், கடலை மிட்டாய் எல்லாம் டெபாசிட். அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு ரொக்கம்தான் வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்ன கிடைக்கும்? கரும்புச் சாறு நல்லது, அரை டம்ளர் போதும். பன்னீர் சோடா பரவாயில்லை. இளநீரை எல்லோரும் நீட்டுவார்கள். தாகத்துக்கு அது அமிர்தம், ஆனால் சர்க்கரை குறைவு, ஒரு காய் போதாமல் போகலாம். மோரில் பலனில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் உண்டு. ஒரு லிட்டரையும் குடித்தால்தான் கணக்கு நேராகும்! அது வயிற்றுப் போக்குக்கு. இதற்குக் கேட்டு வாங்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர்.

அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதையே அந்த மாத்திரைகள் தாமதப்படுத்தும். அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் சரி. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை இன்றே ஒரு முறை படித்துப் பாருங்கள்.

ஆள் மயங்கி விட்டால்? வாயில் எதையும் ஊற்றவே கூடாது. பாசத்தில் ஊற்றும் சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய் விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து விட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றுவதோ, குளுக்ககான் ஊசி போடுவதோ தெரிந்தவர்கள் செய்வார்கள். மாத்திரையால் இறங்கியவர் தெளிந்து விட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முக்கியமாக வயதானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும். மாத்திரை உடம்பில் பல மணி நேரம் நிற்கும், திரும்பவும் இறக்கும்.

"சர்க்கரை ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு தெரியாம குடுத்துட்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள், ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் கொடுத்து விடுங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தவருக்கு மூன்று ஸ்பூன் கூடினால் பெரிய நஷ்டம் இல்லை. இறங்கியிருந்தவருக்குக் கொடுக்காமல் விட்டால் உயிர் நஷ்டம். இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால் எது லாபம் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அதற்காகக் கால் கிலோ மைசூர்பாகு ஊட்டவும் வேண்டாம். 15 நிமிடம் பொறுப்பது எதற்கென்றால், பயத்தில் அள்ளிக் கொடுத்து 400-க்கு ஏற்றி விடாமல் இருக்கத்தான்.

இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. டொராண்டோவில் 1921, 22-ல் இன்சுலினைத் தயாரித்தவர்கள் முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கி முயல்களுக்கு வலிப்பு வந்தது. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து கொண்டன. அதாவது மருந்தும் அதற்கு மாற்றும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரிந்து விட்டன. நூறு வருடம் கழித்தும் மருந்து மட்டும்தான் நம் வீடு வரை வந்திருக்கிறது. மாற்று இன்னும் வழியில் நிற்கிறது.

என் கருத்து இதுதான். மருந்து கொடுக்கிற கையே மாற்றையும் கொடுக்க வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். அந்தப் பையில் ஒரு சின்ன குளுக்கோஸ் பொட்டலமும், "நடுங்கினால், வியர்த்தால் இதைக் கரைத்துக் குடி" என்று ஒரு வரியும் போடச் செலவு எவ்வளவு? ஒரு நாள் ஐ.சி.யு. செலவில் ஒரு கிராமத்துக்கே கொடுக்கலாம். கிரிவலப் பாதைத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு டப்பா வைக்கலாம். கண்டக்டர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் அரை மணி நேரப் பயிற்சி போதும். 2017-ல் சி.பி.எஸ்.இ. சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் மிட்டாய், பழம், சாண்ட்விச், தண்ணீர் கொண்டு போக அனுமதித்தது. கல்லூரிகளிலும் அதை எழுத்து மூலமான விதியாக்கலாம். ஹால் சூப்பர்வைசரின் நல்ல மனதை நம்பி ஒரு மாணவன் பரீட்சை எழுதக் கூடாது.

அரசாங்கம் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சுகர் உள்ளவர்கள் சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும், பெயர், மருந்து, வீட்டு நம்பர் எழுதிய ஒரு சீட்டும் வைத்துக் கொள்ளுங்கள். பைக் ஓட்டுகிறவர்கள் நடுக்கம் தெரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள், சரியான பிறகும் முக்கால் மணி நேரமாவது பொறுத்துக் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவர்கள் சர்க்கரை டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏற அவர்களால் முடியாது.

மற்ற நமக்கெல்லாம் ஒரே வேலைதான். பஸ் ஸ்டாண்டில், ரயிலில், கடற்கரையில் யாராவது தள்ளாடினால், முகத்தைச் சுளித்து விலகுவதற்கு முன்னால் அந்தப் பூக்கார அம்மா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "அண்ணே, உங்களுக்கு சுகர் இருக்கா?"