எந்தப் பக்கம் மூச்சு வாங்குறீங்க?

போட்டிக்காக இல்லாம, சும்மா ஆசைக்கு நீந்துறவங்க நம்ம காலேஜில் நிறைய பேர் இருக்கீங்க. குளத்துக்குப் போய் வந்த மறுநாள் கழுத்து பிடிச்சுக்குதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

எனக்கு மூணு மாசம் அந்த வலி இருந்தது. வலது பக்கம் திரும்பினா சுளீர்னு இழுக்கும். ஸ்ப்ரே அடிச்சேன், தலையணையை மாத்தினேன். ரூம்மேட் பேச்சைக் கேட்டு சலூனில் கழுத்தை நெட்டி முறிச்சுக்கிட்டேன். அதை மட்டும் நீங்க செய்யாதீங்க. மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்களில் சிலது கழுத்தெலும்பு வழியாத்தான் போகுது. வெடுக்குனு திருப்பும்போது அது கிழிஞ்சு பக்கவாதம் வர்றது அபூர்வம்தான், ஆனா நடக்கக் கூடியது.

கடைசியா ஒரு டாக்டரைப் பார்த்தேன். "லேப்டாப் அதிகமா பார்ப்பீங்களா?"ன்னு கேட்டு அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதினார். நீந்துறதைப் பத்தி அவர் கேட்கலை. நானும் சொல்லலை. உண்மையைச் சொன்னா, வேணும்னேதான் மறைச்சேன். பிளேஸ்மென்ட் டென்ஷனுக்கு நடுவில் போன் இல்லாத ஒரு மணி நேரம் எனக்கு அந்தக் குளத்தில்தான் கிடைக்குது. "நிறுத்து"ன்னு சொல்லிட்டா? மாத்திரை முடிஞ்சு குளத்தில் இறங்கினேன், மறுநாளே வலி திரும்ப வந்துருச்சு.

அப்புறம் பார்த்த பிசியோதெரபிஸ்ட்கிட்ட நீச்சலைப் பத்தி சொன்னதும், அவங்க கேட்டதுதான் இந்தக் கட்டுரையோட தலைப்பு. நான் வலது பக்கம் மட்டும்தான் மூச்சு வாங்குவேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மீட்டர் லேப்புக்கு எனக்கு சுமார் 20 கைவீச்சு, 10 மூச்சு. 20 லேப் போனா, கழுத்து 200 தடவை ஒரே பக்கம் திரும்புது. போதாக்குறைக்கு, முன்னாடி பார்க்கணும்னு தலையைத் தூக்கியே நீந்துவேன். சின்ன லோடா இருந்தாலும் திரும்பத் திரும்ப வந்தா பாகம் பழுதாகும்னு மெஷின் டிசைனில் படிச்சோமே, அதே கதைதான்.

அவங்க நீச்சலை நிறுத்தச் சொல்லலை. ரெண்டு வாரம் தூரத்தைக் குறைக்கச் சொன்னாங்க. குளத்தோட தரையைப் பார்த்து நீந்தணும், தலையை மட்டும் திருப்பாம உடம்போட சேர்ந்து உருளணும், மூணு வீச்சுக்கு ஒரு மூச்சுன்னு ரெண்டு பக்கமும் வாங்கணும். கூடவே கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி கொடுத்தாங்க. இப்போ வலி பெரும்பாலும் இல்லை.

"பிசியோ எல்லாம் ப்ளேயர்ஸுக்குத்தானே?"ன்னு கேட்பீங்க. நான் தலைகீழாச் சொல்றேன். ப்ளேயருக்கு ஸ்ட்ரோக்கைத் திருத்த கோச் இருக்கார். நமக்கு யாருமே இல்லை. அதனால நமக்குத்தான் அது இன்னும் அவசியம். காசு பிரச்சினைன்னா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கு.

கை மரத்துப் போனாலோ, பிடி தளர்ந்தாலோ, டைவ் அடிச்சு தலையில் அடிபட்டாலோ, காய்ச்சலோட கழுத்து விறைச்சாலோ காத்திருக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போயிடுங்க.

மத்தபடி கழுத்தைக் காட்டப் போகும்போது மூணு விஷயம் சொல்லுங்க: என்ன ஸ்ட்ரோக், வாரத்துக்கு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் மூச்சு. பாதி டேட்டாவை மறைச்சுட்டு சரியான விடையை எதிர்பார்த்தா எப்படி?